படிக்கட்டை அறுத்தவ

ஆமாய்யா, நான்தான் அறுத்தேன். இதுல மறைக்க என்ன இருக்கு? அவங்க எல்லாரும் அங்க நின்னு யாரு யாருன்னு தொண்டை கிழியக் கத்துறாங்க, நான் ரம்பத்தை மடியில வெச்சுக்கிட்டு இங்க உட்கார்ந்திருக்கேன். ஒருத்தனாவது திரும்பிப் பார்த்தானா? ஒரு பொம்பளை சர்ச்சுப் படிக்கட்டை அறுப்பான்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. நீங்க ஒருத்தர்தான் நேரா வந்து என்கிட்ட கேட்டீங்க. அதனாலதான் சொல்றேன்.

இல்லய்யா, மூப்பர் கிளீவனைக் கூப்பிடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்குறேன், மூப்பருங்க யாரையும் கூப்பிடாதீங்க. கொஞ்ச நேரம்தான். ஏணி எடுத்துட்டு வர ஆள் போயிருக்குன்னு எனக்கும் தெரியும். ஊர்லயே ஒரே ஏணிதான், மிஸ் பெர்லின் வீட்டுல, காயலுக்கு அந்தக் கோடியில. அதைத் தூக்கிக்கிட்டு மணல்ல நடந்து வரணும். அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன். இந்தக் கட்டையில உட்காருங்க. காய்ஞ்ச கட்டைதான், அங்கி அழுக்காகாது.

என் பேரு அல்வெனா. அப்னேரோட பொண்டாட்டி. அப்னேரைத் தெரியாதா? தெரியாதுதான். வருஷத்துல ஒரு தடவை சபை ஆண்டு விழாவுக்கு டவுன்லேர்ந்து வர்றீங்க, மேல ஏறிப் பிரசங்கம் பண்ணுறீங்க, இறங்கிப் போயிடுறீங்க. கீழ குனிஞ்சு பார்த்தாத்தானே தெரியும்.

கோவிச்சுக்காதீங்க பெரிய போதகரய்யா, வாய் முந்திக்குது. உங்களைத் திட்ட வரல, கெஞ்சத்தான் வந்திருக்கேன். கேட்குறது ஒண்ணே ஒண்ணு. ஏணி வந்ததும் அதுல ஏறாதீங்க. இன்னிக்கு ஆராதனை, திருவிருந்து, எல்லாத்தையும் கீழ வெச்சு நடத்துங்க. சர்ச்சுக்கு அடியில.

பைத்தியம்னு நினைக்கிறீங்க. நினைச்சுக்குங்க, ஆனா அங்க பாருங்க. தூணுக்கு நடுவுல வண்டி தெரியுதா? கையால சுத்துற மூணு சக்கர வண்டி. அதுல இருக்குறவன் ஓர்லின். பாய்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்குறது துல்லியோ, படகு செய்யற தச்சன், இந்த ரம்பமே அவனோடதுதான். அவங்களுக்குப் பின்னால, மூலைத் தூணுகிட்ட, பச்சைத் தார்ப்பாய் மறைப்புக்கு அந்தப் பக்கம் அப்னேர் இருக்காரு. படுத்திருக்காரு. இல்ல இல்ல, இப்ப எந்திரிக்காதீங்க. அவரை அப்புறம் பார்க்கலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

இதுதான்யா நம்ம கீழ்ச் சபை. இப்ப மூணு பேருதான் இருக்காங்க, மத்தவங்களும் வந்துடுவாங்க. எல்லாரும் சிங்கி இறாலுக்கு முக்குளிக்கப் போய் இடுப்புக்குக் கீழ செத்து வந்தவங்க. மழைக்காலத்துல காயல் பொங்குதுன்னு சர்ச்சைத் தூண் மேல கட்டிட்டாங்க முன்னோருங்க. சரி, தண்ணிக்குத் தப்பிச்சுடுச்சு. ஆனா ஏற முடியாதவன் எங்க போவான்? அடியில உட்கார்ந்துக்குறான். நிழலாவது இருக்கே. பலகை இடுக்குல பாட்டு கேட்குது, பிரசங்கம் பாதி கேட்குது. எல்லாரும் எந்திரிச்சு நிக்கும்போது மேலேர்ந்து மண்ணு கொட்டும். அதுக்குன்னே இவங்க தொப்பி போட்டுக்கிட்டு வருவாங்க. ஆண்டவரைத் தொழப் போறவன் தொப்பியைக் கழட்டுவான், எங்க ஆளுங்க போட்டுக்குவாங்க.

அப்னேருக்கு அதுலயும் விளையாட்டுதான். மேல நடக்குற காலை வெச்சே ஆளைச் சொல்லிடுவாரு. இது கிளீவன், குதிகால் பலகையைக் குத்துது. இது மிஸ் பெர்லின், பாட்டு வேகமாப் போனா ஆடிடுவா. இது யாரோ புதுசு, செருப்பு கீச்சுங்குது, டவுன்லேர்ந்து வந்தவன்னு. ஆண்டவர் மேலேர்ந்து ஜனங்க முகத்தைப் பார்க்குறாரு அல்வெனா, நான் கீழேர்ந்து உள்ளங்காலைப் பார்க்குறேன், எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தனும் தப்ப முடியாதுன்னு சொல்லுவாரு. உங்க காலையும் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாரு. இடது கால் கொஞ்சம் இழுத்து வைப்பீங்களாமே? பாருங்க, சரியாத்தான் சொல்லியிருக்காரு.

எப்படி ஆச்சுன்னா, எல்லாருக்கும் ஆன மாதிரிதான். கரைக்கிட்ட இருந்த இறாலெல்லாம் தீர்ந்து போச்சு, இப்ப ஆழத்துக்குப் போகணும். இன்னும் ஒரு சிலிண்டர், இன்னும் ஒரு சிலிண்டர்னு படகுக்காரன் காத்து சிலிண்டரை மாட்டி மாட்டி இறக்குவான். ஆழத்துலேர்ந்து சட்டுனு மேல வந்தா ரத்தத்துல காத்து குமிழி குமிழியா நின்னுடுமாம். மெதுவா வரணுமாம். இதையெல்லாம் டவுன் நர்ஸம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும், அதுவும் எல்லாம் முடிஞ்சப்புறம். அன்னிக்குச் சாயங்காலம் அப்னேர் மேல வந்தாரு, ஒரு வாய் காப்பி குடிச்சாரு, கால்ல எறும்பு ஊறுதுன்னாராம். எந்திரிக்கப் போனாரு, விழுந்துட்டாரு. அவ்வளவுதான்.

படகுக்காரன் ஒருத்தனுக்காகப் பாதியில திரும்புவானா? பெட்டி நிறையணுமே. நிறைஞ்சப்புறம் வந்து கரையில இறக்கிட்டுப் போனான். உடனே கொண்டு போயிருந்தா எங்கியோ ஒரு இரும்பு உருளைக்குள்ள படுக்க வெச்சு காத்து ஏத்திக் காலைக் கொண்டாந்திருப்பாங்களாம். போயிருந்தா, வந்திருந்தா. நான் என்ன பண்ணுவேன்? சூக்கியா கிழவன்கிட்டதான் கொண்டு போனேன். ஆமாய்யா, மந்திரிக்கிறவன்தான். இலையைக் கொதிக்க வெச்சு ஆவி பிடிக்க வெச்சான், புகை ஊதினான், லிவாவைக் கூப்பிட்டுப் பாடினான். இந்த ஊர்க்காரி நான், கடலுக்குள்ள இருக்குற அந்தத் தலைமுடிக்காரி லிவா கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இறாலெல்லாம் அவளோடது, அளவுக்கு மீறி எடுத்தவனை இடுப்புக்குக் கீழ அடிச்சுடுவான்னு. காத்துக் குமிழின்னு எனக்கு யாரு சொன்னாங்க? புருஷன் கால் செத்துக் கிடக்கு, கிழவன் எழுப்பித் தர்றேங்குறான். உங்க வீட்டுல நடந்திருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்களா?

சரி, போயிருக்க மாட்டீங்க. நான் போனேன்.

அதுக்குத்தான் எங்களைத் தள்ளி வெச்சாங்க. பேய்க்கிட்ட போனவங்களுக்குத் திருவிருந்து கிடையாது, அன்பு விருந்துல காப்பி கிடையாது, ரொட்டி கிடையாது. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டேன். தடை நீங்க என்ன பண்ணணும்னு கேட்டேன். கிளீவன் சொன்னாரு, உன் புருஷன் சபைக்கு முன்னால, மேஜைகிட்ட நின்னு பாவ அறிக்கை பண்ணணும்னு. நின்னு! ஐயா அவரால நிக்க முடியாதே, அதுக்குத்தானே சூக்கியாகிட்ட போனோம்னேன். சரி உட்கார்ந்தே பண்ணட்டும், ஆனா மேல வந்துதான் பண்ணணும்னாரு. அப்ப யாராவது தூக்கி ஏத்துங்கன்னேன். தடையில இருக்குறவனை எப்படி ஏத்துறதுங்குறாரு.

சிரிப்பு வருதுல்ல? சிரிங்க. அப்னேரும் சிரிச்சாரு. மேல போனாத்தான் தடை நீங்கும், தடை நீங்கினாத்தான் மேல போகலாம்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான்தான் அழுதேன்.

இந்தக் கிளீவன் இருக்காரே, அவர் மகனும் முக்குளிக்கத்தான் போறான். அவனோட தோணி மூக்குல சின்னதா ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும், போகும்போது பாருங்க. யாருக்குக் கட்டியிருக்குன்னு கேளுங்க. சுறாவுக்கா? லிவாவுக்குத்தான்யா! அவங்க வீட்டுப் பயம் பயமில்ல, எங்க வீட்டுப் பயம்தான் பாவம். இல்ல, பொறாமையில சொல்லல. அந்தப் பையன் நல்லா இருக்கட்டும். அவனும் ஒரு நாள் இந்தப் பாய்ல வந்து சாயக் கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கிறேன்.

தூக்கவே இல்லையான்னு கேட்குறீங்க. ஆரம்பத்துல தூக்கினாங்க, பொய் சொல்லக் கூடாது. தடை வர்றதுக்கு முன்னாடி. நாலு பையன்கள் நாற்காலியோட ஏத்தினாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ஜெபம் நடக்குறப்ப மூத்திரக் குழாய் கழண்டு பலகையில ஓடிடுச்சு. கிளீவன் சம்சாரம் வெள்ளை கவுனு போட்டுக்கிட்டு முன் வரிசையில. அந்தம்மா காலுக்கடியில போயிடுச்சு. ஒருத்தரும் திட்டல. அதுதான்யா கொடுமை. கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டே காலைத் தூக்கிக்கிட்டாங்க. அந்தம்மா கைக்குட்டையை மூக்குல வெச்சுக்கிட்டாங்க. நான் மண்டி போட்டு என் பாவாடையால துடைச்சேன். அடுத்த வாரம் அந்தப் பையன்களுக்கு ஒருத்தனுக்கு முதுகு வலி, ஒருத்தன் வலையோட போயிட்டான். அப்னேரும் என்னை விட்டுடு அல்வெனா, கீழயே இருக்கேன்னுட்டாரு.

அப்புறம்தான் சாய்வுப் பலகை கேட்டோம். வண்டியை உருட்டிக்கிட்டே ஏறுற மாதிரி. மரம்கூடக் கேட்கல. உடைஞ்ச படகுப் பலகையை துல்லியோ இழைச்சு இழைச்சு வெச்சிருக்கான், அங்க அடுக்கிக் கிடக்கு பாருங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாங்களே போட்டுக்குறோம்னோம். முன்னோர் போட்ட படிக்கட்டாம், அதைத் தொடக் கூடாதாம். சாய்வு போட்டா மணிக்கூண்டை மறைச்சுடுமாம். பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்லிச் சொல்லி அந்தப் பலகையில கரையான் ஏறிடுச்சு.

இதைப் பத்தி உங்களுக்குக் கடுதாசி எதுவும் வரலையா? வராது. எழுதுறவரும் கிளீவன், படகுல கொடுத்து அனுப்புறவரும் கிளீவன்.

காப்பியா? காப்பி குடுப்பாங்க, தடை இல்லாதவங்களுக்கு. அன்பு விருந்து அன்னிக்கு மேல எல்லாருக்கும் சுடச்சுடக் காப்பியும் தேங்காய் ரொட்டியும் போகும். முடிஞ்சப்புறம் மிச்சத்தை வாளியில வெச்சு ஜன்னல் வழியா கயித்துல இறக்குவாங்க. நாய்க்கு வைக்கிற மாதிரின்னு நான் சொல்லுவேன். அப்னேர் என்னை அதட்டுவாரு. எலியா தீர்க்கதரிசிக்குக் காக்கா ரொட்டி கொண்டாந்து கொடுத்துச்சே, அப்ப அவரு வேண்டாம்னாரான்னு கேட்பாரு. தனக்குக் கிடையாதுன்னு தெரியும், மத்தவங்க சாப்பிடட்டும்னு சொல்லுவாரு. அப்படிப்பட்ட மனுஷன்யா. அவருக்குப் போய் நீங்க...

இருங்க, மூச்சு வாங்குது. நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இல்ல, வேண்டாம், இப்ப இறங்காது.

எங்க விட்டேன்? ஆங், மேலேர்ந்து பலகையைக் குத்துறது ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லணும். கீழ இவங்க கொஞ்சம் சத்தமாப் பாடிட்டாலோ, இருமினாலோ, மேலேர்ந்து குதிகாலால பலகையை ஒரு குத்து குத்துவாங்க. சும்மா இருன்னு அர்த்தம். முதல்ல ஒருத்தர் பண்ணினாரு, அப்புறம் எல்லாருக்கும் பழக்கமாயிடுச்சு. சின்னப் புள்ளைங்ககூடக் குத்துது. கீழ இருக்குறவங்களும் உடனே அடங்கிடுவாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணலய்யா, அதை நான் ஒத்துக்குறேன். பாட்டு கலையக் கூடாதுன்னுதான்.

வியாழக்கிழமை, ஆண்டு விழாவுக்குப் பாட்டு ஒத்திகை. அப்னேருக்குப் பாட்டுன்னா உயிரு. காலைலேர்ந்தே உடம்பு சரியில்ல, முதுகுக்குக் கீழ படுக்கைப் புண்ணு, உள்ளங்கை போற ஆழத்துக்கு. வேண்டாம்னேன், கேட்கல. வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன். ரெண்டாவது பாட்டுக்கே உடம்பு தூக்கிப் போட ஆரம்பிச்சுடுச்சு. பல்லு கிட்டுது, கண்ணு மேல போகுது. மேல மிஸ் பெர்லின் இருக்கா, அவ ஆஸ்பத்திரியில ஆயா வேலை பார்த்தவ, காய்ச்சல் மருந்து வெச்சிருப்பா. கூப்பிட்டேன், பாட்டுல கேட்கல. துடுப்பை எடுத்து அடியிலேர்ந்து பலகையை இடிச்சேன். ஒரு நிமிஷம் பாட்டு நின்னுச்சு. அப்பாடா கேட்டுடுச்சுன்னு நினைச்சேன். குத்தினாங்கய்யா. ஒருத்தர் இல்ல, அத்தனை பேரும் சேர்ந்து. மண்ணு மொத்தமும் அவர் முகத்துல கொட்டுச்சு. மறுபடி இடிச்சேன், மறுபடி குத்தினாங்க. யாரோ சிரிச்சது கேட்டுச்சு. அப்புறம் பாட்டை விட்ட இடத்துலேர்ந்து பிடிச்சுப் பாடினாங்க. நல்லாத்தான் பாடினாங்க.

ஓடினேன் மேல. இந்தப் படியிலதான் ஓடினேன், எனக்குக் கால் இருக்கே. மிஸ் பெர்லின் உடனே இறங்கி வந்தா, மாத்திரை கொடுத்தா. புண்ணைப் பார்த்துட்டு, இது என் மாத்திரைக்கு அடங்காது, விஷம் ரத்தத்துல ஏறுது, நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுன்னா. எதுல போறது? ஆம்பளைங்க படகெல்லாம் இறாலுக்குப் போயிடுச்சு, ஆண்டு விழா அன்னிக்குத்தான் திரும்பும். பயணிகள் படகு திங்கக்கிழமைதான். மிச்சம் இருக்குறது சபைப் படகு ஒண்ணுதான்.

ஆமா, அதேதான். நீங்க வந்த படகு.

கிளீவன் வீட்டு வாசல்ல போய் விழுந்தேன். வெள்ளிக்கிழமை காலைல உங்களைக் கூட்டிட்டு வரப் படகு டவுனுக்குப் போகுது, சும்மாத்தானே போகுது, ஒரு ஓரத்துல அப்னேரைப் போட்டுக்குங்க, வேற ஒண்ணும் வேண்டாம்னேன். என்ன சொன்னாரு தெரியுமா? படகைக் கழுவி, புது வெள்ளை அடிச்சு, தென்னங்குருத்துல தோரணம் கட்டி வெச்சிருக்கோம், புண்ணு நாத்தம் மரத்துல ஏறிடுச்சுன்னா போகவே போகாது, மறுநாள் பெரிய போதகரை அதுல எப்படி உட்கார வைக்கிறதுன்னாரு. கெட்டவரு மாதிரி சொல்லல. கையைப் பிசைஞ்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. திங்கக்கிழமை நானே கூட வர்றேன் அல்வெனா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோன்னாரு.

தென்னங்குருத்துத் தோரணம் நல்லா இருந்துச்சாய்யா?

தெரியாது. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும். உங்க மேல பழி போடல. தெரிஞ்சிருந்தா நாத்தத்தோட வந்திருப்பேன்னு சொல்றீங்க. சொல்றீங்க, நம்புறேன். நம்பாம நான் எங்க போவேன்? உங்களை விட்டா எனக்கு மேல யாரு இருக்கா? ஆண்டவர் இருக்காரு, ஆனா அவரையும் அங்க மேலதானே வெச்சிருக்காங்க.

காய்ச்சலா? இல்ல, இப்பக் காய்ச்சல் இல்ல. விட்டுடுச்சு. உடம்பு சில்லுனுதான் இருக்கு. நேத்து சாயங்காலமே இங்க கொண்டு வந்து படுக்க வெச்சுட்டேன். பெரிய போதகர் வந்துட்டாரு, நாளைக்கு நேரா அவர்கிட்டயே கேட்டுடலாம், தடையை அவரு எடுத்துடுவாரு, கையால ஒரு துண்டு ரொட்டி குடுப்பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவருக்கும் ஆசை. கிணத்துத் தண்ணியில முகம் கழுவிவிடச் சொன்னாரு, வெள்ளைச் சட்டை மாட்டிவிடச் சொன்னாரு. ஆண்டு விழாவாச்சே.

வேண்டாம், இப்ப அங்க போக வேண்டாம். ஓர்லின் தலையாட்டுறான் பாருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன், அப்புறம் போலாம்.

போன மழைக்கு ஹோரேஸ் செத்தான். ஓர்லினுக்கு அண்ணன், அவனும் கீழ்ச் சபைதான், அவனும் தடையில இருந்தவன்தான். உசுரோட இருந்தப்ப அவன் பொண்டாட்டி வீடு வீடாப் போய்க் கேட்டா, ஒரே ஒரு தடவை மேல ஏத்துங்க, மகளுக்கு ஞானஸ்நானம், அதைக் கண்ணால பார்க்கணுங்குறான்னு. கனமான ஆளும்மா, படி செங்குத்தும்மான்னாங்க. ஞானஸ்நானத்தை அவன் இங்க உட்கார்ந்து காதாலதான் பார்த்தான். அவன் செத்த அன்னிக்கு என்ன ஆச்சு? மணி அடிச்சதுதான் தாமதம், ஆறு பேரு ஓடி வந்தாங்க. பெட்டியில வெச்சு ஒரே மூச்சுல மேல கொண்டு போயிட்டாங்க. பெட்டியோட சேர்த்து எவ்வளவு கனம் இருக்கும்? படி செங்குத்தா இல்லையா அன்னிக்கு? நம்ம வழக்கம்தான் உங்களுக்கே தெரியுமே, செத்தவனுக்குத் தடை கிடையாது. மேஜைக்கு முன்னால வெச்சாங்க, பூ வெச்சாங்க, கிளீவன் பெட்டி மேல கை வெச்சு நம்ம அன்புச் சகோதரன்னு சொல்லி அழுதாரு. நிஜமாவே அழுதாருய்யா, கண்ணீரு கொட்டுச்சு.

அப்னேர் கீழ இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு. அன்னிக்கு விளையாட்டு இல்ல, சிரிப்பு இல்ல. என் கையைப் பிடிச்சு, ஹோரேஸ் கேட்டதை அவனுக்குக் கடைசி வரைக்கும் குடுக்கல, அவன் கேட்காததைக் குடுத்து அழுதுட்டுப் போறாங்க, எனக்கு அப்படிப் பண்ண விடாதேன்னாரு. விட மாட்டேன்னு சொன்னேன்.

இதோ, ஏணி வந்துடுச்சு. சாத்திட்டாங்க. கிளீவன் கையாட்டி உங்களைக் கூப்பிடுறாரு பாருங்க. போங்கய்யா, நான் தடுக்க முடியுமா? கெஞ்சத்தான் முடியும், கெஞ்சிட்டேன். ஆனா கால் வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அவங்க யாருக்கும் இன்னும் தெரியாது. எனக்குத் தெரியும், ஓர்லினுக்கும் துல்லியோவுக்கும் தெரியும், இப்ப உங்களுக்கு. தெரிஞ்சுதோ, இதே ஆளுங்க அந்த ஒத்திகை பார்த்த பாட்டைப் பாடிக்கிட்டே அவரை மேல கொண்டு போயிடுவாங்க. அன்புச் சகோதரன்னு சொல்லுவாங்க. எனக்கு வேற வழி தெரியலய்யா. அதான் விடியக்காலைல, அவரு மூச்சு நின்னதும், முதல்ல போய்ப் படியை அறுத்துட்டு வந்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து அவர் கண்ணை மூடிவிட்டேன்.